ஜூரர் இருக்கையில்: நீதிபதியின் அறிவுறுத்தலும் நிரூபிக்கும் பொறுப்பும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடியிருக்கும் நம்மவர் பலர், கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாதவரை ஜூரி அழைப்பு வராது என்று நினைத்திருக்கிறார்கள். வரும். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இங்கே சட்டப்படி தங்கியிருந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நான்குமே காமன்வெல்த் நாடுகள்தான். பட்டியலில் பெயர் இருந்து, வயது 18 முதல் 75-க்குள் இருந்து, 13 வயதுக்குப் பிறகு ஐந்து ஆண்டாவது ஐக்கிய இராச்சியத்தில் வாழ்ந்திருந்தால், குலுக்கலில் உங்கள் பெயரும் விழலாம். கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு.

பதில் எழுதுவது, நாளைத் தள்ளிக் கேட்பது, சம்பள இழப்புக்கு ஈடு கோருவது எல்லாவற்றையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்துவிட்டோம். இந்த அத்தியாயம் நீதிமன்றத்துக்குள் நடப்பதைப் பற்றியது. பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்காரப் போகிறீர்கள். நீதிபதி உங்களிடம் சட்டம் பேசுவார். பிறகு, முன்பின் தெரியாத ஒருவருடைய வாழ்க்கையை உங்கள் கையில் கொடுத்து, கதவைச் சாத்துவார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கு இதில் முன்பழக்கம் இருக்க வழியில்லை. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்தியாவில் ஜூரி விசாரணைக்கு இடமே வைக்கவில்லை. இலங்கையில் உயர் நீதிமன்றத்தில் ஏழு ஜூரர் கொண்ட விசாரணை இன்னும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதில் அமர்ந்தவர்கள் நம்மிடையே மிகச் சிலரே.

ஆங்கிலம் போதாது என்று உண்மையிலேயே தோன்றினால் முதல் நாளே நீதிமன்ற ஊழியரிடம் சொல்லுங்கள். நீதிபதி உங்களை விடுவிக்கலாம். உச்சரிப்பைப் பற்றிய கூச்சத்துக்காக மட்டும் விலகாதீர்கள். பேசுவதைவிடக் கேட்பதுதான் அங்கே பெரிய வேலை.

யாருக்கு எந்த வேலை

பெயர் அழைக்கப்பட்டதும் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பகவத் கீதை, பைபிள், குர்ஆன் என உங்கள் நூலின் மேல் செய்யலாம். எந்த நூலும் வேண்டாம் என்றால் உறுதிமொழி மட்டும் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும் சாரம் ஒன்றுதான்: சாட்சியத்தின்படி உண்மையான தீர்ப்பு சொல்வேன். ‘சாட்சியத்தின்படி’ என்பதை அழுத்தமாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சத்தியம் செய்வதற்கு முன் வழக்கில் வரும் பெயர்களை வாசிப்பார்கள். லண்டனில் நம் சமூகம் சிறியது. கோயிலில், தமிழ்ப் பள்ளியில், கல்யாண மண்டபத்தில் பார்த்த முகமாக இருக்கலாம். தெரிந்த பெயர் காதில் விழுந்தால் உடனே கையை உயர்த்துங்கள். உங்களை வேறு வழக்குக்கு அனுப்புவார்கள். அதில் குறை எதுவும் இல்லை.

சட்டம் என்ன என்பதைச் சொல்வது நீதிபதி. நடந்தது என்ன என்பதை முடிவுசெய்வது நீங்கள். சட்டத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வதை ஏற்றே ஆகவேண்டும், மனத்துக்கு ஒப்பாவிட்டாலும். சாட்சியம் பற்றி அவர் ஒரு கருத்துக் கொண்டிருப்பதுபோலத் தெரிந்தால் அதை ஒதுக்கிவிட உங்களுக்கு உரிமை உண்டு. இந்த உரிமை சும்மா வந்ததில்லை. 1670-இல் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற குவேக்கர் மதப்பிரிவினர் இருவரைக் குற்றவாளிகள் என்று சொல்ல மறுத்ததற்காக லண்டன் ஜூரர்களை உணவின்றி, நீரின்றிப் பூட்டிவைத்தார்கள். பிறகு அபராதமும் சிறையும். அவர்களில் எட்வர்ட் புஷெல் என்பவர் தொடுத்த வழக்கில்தான், தீர்ப்புக்காக ஜூரரைத் தண்டிக்க முடியாது என்பது நிலைபெற்றது. ஓல்ட் பெய்லி கட்டடத்தில் அந்த ஜூரர்களின் நினைவாக ஒரு கல்வெட்டு இருக்கிறது.

தொடக்கத்திலேயே நீதிபதி சில தடைகளைச் சொல்வார். வழக்கைப் பற்றி இணையத்தில் தேடக்கூடாது. சம்பவ இடத்தைப் போய்ப் பார்க்கக்கூடாது. பன்னிரண்டு பேரைத் தவிர வேறு யாரிடமும், கணவன் மனைவியிடம்கூட, வழக்கை அலசக்கூடாது. இவற்றை அலுவலகச் சுற்றறிக்கைபோல எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர், லூட்டன் நகரில் தாம் ஜூரராக இருந்த வழக்கின் எதிரியைப் பற்றி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றி, இணையத்தில் தேடி, கண்டதைச் சக ஜூரர்களிடம் சொன்னார். 2012-இல் அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை. 2015 முதல் இப்படித் தேடுவதே தனிக் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைக்குப் போகலாம்.

தடையின் காரணம் புரிந்தால் கடைப்பிடிப்பது எளிது. நீங்கள் வீட்டில் படித்த செய்தியை எதிரி தரப்பு வழக்கறிஞர் பார்த்ததில்லை. குறுக்கு விசாரணை செய்ததில்லை. பதில் சொல்ல வாய்ப்பே கிடைக்காத சான்றால் ஒருவர் சிறைக்குப் போவார். 1994-இல் ஹோவ் நகரில் நடந்த கொலை வழக்கொன்றில், இரவு ஓட்டலில் தங்கவைக்கப்பட்ட ஜூரர்களில் சிலர் எழுத்துகளைப் பரப்பிக் கண்ணாடி டம்ளரை வைத்து, இறந்தவரின் ஆவியிடம் கொலையாளி யார் என்று கேட்டார்கள். செய்தி வெளியே வந்ததும் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து, வழக்கைத் திரும்ப நடத்த உத்தரவிட்டது. ஜோசியரிடம் கேட்பதும் கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பதும் இதே வகைதான். மனம் எவ்வளவு தவித்தாலும் ஜூரர் அதைச் செய்யக்கூடாது.

சுமை ஒரு பக்கத்தில்

அறிவுறுத்தல்களிலேயே முதன்மையானது நிரூபிக்கும் பொறுப்பைப் பற்றியது. குற்றம் நடந்தது, இவர்தான் செய்தார் என்று காட்டவேண்டியது அரசுத் தரப்பு. குற்றம் சாட்டப்பட்டவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. சாட்சிக் கூண்டில் ஏறவே வேண்டியதில்லை.

கேட்கும்போது எல்லோரும் தலையாட்டுவோம். ஆனால் ‘நெருப்பில்லாமல் புகையுமா?’ என்று கேட்டுப் பழகிய மனம் நம்முடையது. போலீஸ் பிடித்திருக்கிறது, வழக்கு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது, ஏதாவது இருக்கத்தானே வேண்டும் என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். அந்தக் குரலை மதித்தால் விசாரணையே தேவையில்லை. குற்றப்பத்திரிகை என்பது குற்றச்சாட்டு; சாட்சியம் ஆகாது.

இந்தக் கோட்பாட்டை, அப்போது நாட்டின் உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தெளிவாக எழுதிவைத்தது 1935-இல்தான் என்றால் நம்பக் கடினம். டார்செட் பகுதியில் பண்ணைக் கூலியாக இருந்த 21 வயது ரெஜினால்ட் வுல்மிங்டன், தன்னைப் பிரிந்து தாய்வீடு போயிருந்த 17 வயது மனைவி வயலெட்டைப் பார்க்க, 1934 டிசம்பர் 10 அன்று குழல் அறுத்த துப்பாக்கியோடு போனார். வெடித்தது, மனைவி இறந்தார். நீ வராவிட்டால் என்னையே சுட்டுக்கொள்வேன் என்று காட்டத்தான் துப்பாக்கியை எடுத்தேன், தவறி வெடித்துவிட்டது என்றார். டான்டன் நகரில் முதல் ஜூரி ஒத்துப்போக முடியாமல் கலைந்தது. பிரிஸ்டலில் நடந்த இரண்டாம் விசாரணையில் நீதிபதி ஸ்விஃப்ட், எதிரியின் கையால் மரணம் நேர்ந்தது என்று தெரிந்துவிட்டால் அது கொலை என்றே கொள்ளப்படும், விபத்து என்று காட்டுவது எதிரியின் பொறுப்பு என்று ஜூரியிடம் சொன்னார். 1762-இல் வெளிவந்த சட்ட நூலொன்று அவருக்கு ஆதாரம். ஜூரி குற்றவாளி என்றது, தூக்குத்தண்டனை.

மேல்முறையீடு பிரபுக்கள் சபைவரை போனது. ஆங்கிலக் குற்றவியல் சட்டம் முழுவதிலும் ஊடாடி ஓடும் பொன்னிழை என்று சாங்கி பிரபு குறிப்பிட்டது இங்கேதான்: எதிரியின் குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் கடமை. விபத்தாக இருக்குமோ என்ற நியாயமான ஐயம் ஜூரிக்கு இருந்தால், யார் சொன்ன சாட்சியத்தால் அந்த ஐயம் வந்திருந்தாலும், விடுவிக்க வேண்டும். வுல்மிங்டன் வெளியே வந்தார். ஒரு நீதிபதி ஒரு வாக்கியத்தைத் தலைகீழாகச் சொன்னதால் ஓர் இளைஞன் தூக்குமேடைக்கு எத்தனை அருகில் போனான் என்பதை எண்ணிப் பாருங்கள். அறிவுறுத்தலை உன்னிப்பாகக் கேளுங்கள் என்று இந்த நூல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

எவ்வளவு உறுதி?

‘நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்’ என்ற தொடரைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். இன்றைய கிரவுன் நீதிமன்றத்தில் நீதிபதி பெரும்பாலும் வேறு விதமாகச் சொல்வார்: குற்றத்தைச் செய்தார் என்று நீங்கள் உறுதியாக இருக்க வேண்டும், அதற்குக் குறைந்த எதுவும் போதாது. 1950-களில் தலைமை நீதிபதியாக இருந்த கோடார்ட் பிரபு, ‘நியாயமான சந்தேகம்’ என்றால் என்ன என்று விளக்கப் போய் நீதிபதிகள் ஜூரர்களை மேலும் குழப்புவதைக் கண்டு, இந்த எளிய வழியை வற்புறுத்தினார். இரண்டும் ஒரே அளவுகோல்தான். வழக்கறிஞர் ஒருவர் பழைய தொடரைச் சொன்னாலும் குழம்ப வேண்டாம்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? சாட்சியம் எல்லாம் கேட்டு முடித்தபின், ‘செய்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது’ என்பது உங்கள் நிலை என்றால், உங்கள் தீர்ப்பு ‘குற்றவாளி அல்ல’. ‘அநேகமாக இவர்தான்’ என்றாலும் அதே தீர்ப்புதான். ‘பத்தில் எட்டுப் பங்கு நிச்சயம்’ என்று யாராவது கணக்குச் சொன்னால், மீதி இரண்டு பங்கு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். சாட்சியத்தில் நிரப்பப்படாத ஓட்டை இருப்பதால் என்றால், அரசுத் தரப்பு தன் வேலையை முடிக்கவில்லை. கடன் தகராறு போன்ற உரிமையியல் வழக்கில் எது அதிக சாத்தியமோ அந்தப் பக்கம் தீர்ப்பு சாயலாம். ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் வழக்கில் அது போதாது. ஒரே சம்பவத்துக்குக் குற்றவியல் நீதிமன்றத்தில் விடுதலையும் உரிமையியல் நீதிமன்றத்தில் நட்டஈடும் கிடைக்கலாம். இரண்டு தீர்ப்பும் சரியாகவே இருக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. உறுதி என்றால் கணக்குப் பாடத்தில் விடை காண்பதுபோன்ற நிச்சயம் என்று எடுத்துக்கொண்டால் யாரையுமே தண்டிக்க முடியாது. வேற்றுக்கிரகத்தார் வந்து செய்திருக்கலாம் என்பது போன்ற வெறும் கற்பனை, சந்தேகமாகாது. ஐயம் சாட்சியத்திலிருந்தோ சாட்சியம் இல்லாமையிலிருந்தோ எழவேண்டும்.

இதற்கு மேல் நீதிபதியிடம் விளக்கம் எதிர்பார்க்காதீர்கள். 2013 பிப்ரவரியில் லண்டன் சதக் கிரவுன் நீதிமன்றத்தில் விக்கி பிரைஸ் என்ற பொருளியலாளர் மீதான வழக்கு நடந்தது. பின்னாளில் அமைச்சரான கணவர் கிறிஸ் ஹியூன் வேகமாகக் கார் ஓட்டிய குற்றப் புள்ளிகளைத் தன் உரிமத்தில் ஏற்றுக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. ஆலோசனை அறைக்குள் போன ஜூரி பத்துக் கேள்விகளை எழுதி அனுப்பியது. நியாயமான சந்தேகம் என்றால் என்ன என்பது ஒன்று. நீதிமன்றத்தில் யாரும் சொல்லாத, எந்தச் சான்றும் இல்லாத காரணத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா என்பது இன்னொன்று. சந்தேகம் நியாயமானதாக இருக்கவேண்டும், இவை எல்லோரும் புழங்கும் சொற்கள், எழுதிக் கொடுத்ததற்கு மேல் விளக்கச் சட்டம் இடம் தரவில்லை என்ற பொருளில் நீதிபதி ஸ்வீனி பதில் சொன்னார். ஜூரியால் முடிவுக்கு வர முடியவில்லை, கலைக்கப்பட்டது. புதிய ஜூரி அடுத்த மாதம் குற்றவாளி என்றது.

அந்த ஜூரர்களைப் பலர் அப்போது ஏளனம் செய்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புரியாததைப் புரிந்ததுபோல் காட்டிக்கொண்டு ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதைவிட, கேள்வி எழுதி அனுப்புவது ஆயிரம் மடங்கு நேர்மையானது.

வழித்தாளை வாசிப்பது

விசாரணையின் முடிவில் நீதிபதி சட்ட அறிவுறுத்தல்களைப் பேச்சில் மட்டும் விடாமல் பெரும்பாலும் அச்சிட்டும் தருகிறார். கூடவே, தீர்ப்பை அடையும் வழியைக் கேள்விகளாக அடுக்கிய ஒரு வழித்தாளும் வரும். இது நமக்குப் பெரிய உதவி. வேகமான ஆங்கிலத்தில் தவறவிட்டதை அறைக்குள் நிதானமாகப் படிக்கலாம். ஆனால் கேள்வியின் அமைப்பைக் கவனித்தே வாசிக்க வேண்டும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். இரவு பத்து மணி, கடை வாசல், கைகலப்பு. கடைக்காரர் வாடிக்கையாளரை அடித்தார்; மூக்கு உடைந்தது. அடித்ததைக் கடைக்காரர் மறுக்கவில்லை. அவர்தான் முதலில் என்மேல் பாய்ந்தார், தற்காப்புக்காக ஒரே அடிதான் அடித்தேன் என்கிறார். கேமரா அந்தக் கோணத்தைப் பிடிக்கவில்லை. இருவரும் தத்தம் கதையை உறுதியாகச் சொல்கிறார்கள். வழித்தாள் ஏறக்குறைய இப்படி இருக்கும்.

முதல் கேள்வி: தன்னைக் காத்துக்கொள்ள அடிக்கவேண்டிய நிலை இருக்கிறது என்று கடைக்காரர் உண்மையாக நம்பவில்லை என்பதில் நீங்கள் உறுதியாக இருக்கிறீர்களா? ஆம் என்றால், குற்றவாளி. இல்லை என்றால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

இரண்டாம் கேள்வி: அவர் நம்பிய சூழ்நிலையில் அந்த அடி அளவுக்கு மீறியது என்பதில் உறுதியாக இருக்கிறீர்களா? ஆம் என்றால், குற்றவாளி. இல்லை என்றால், குற்றவாளி அல்ல.

‘கடைக்காரர் தற்காப்பை நிரூபித்தாரா?’ என்ற கேள்வி எங்குமே இல்லை. அந்தப் பேச்சுக்கு ஓரளவு ஆதாரம் சாட்சியத்தில் எழுந்துவிட்டால் போதும். அது தற்காப்பு இல்லை என்று உங்களை உறுதிப்படுத்துவது அரசுத் தரப்பின் வேலையாகிவிடுகிறது. ஆகவே அறைக்குள், ‘யார் சொல்வதை நம்புகிறோம்?’ என்று பேச்சைத் தொடங்கினால் தடம் மாறிவிடும். அப்படிக் கேட்டால் இரண்டு விடைதான் வரும். உண்மையில் மூன்று நிலை உண்டு. கடைக்காரரை நம்புகிறீர்கள்: விடுதலை. நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை, அவர் சொல்வது நடந்திருக்கக்கூடும்: அப்போதும் விடுதலை. அவர் சொல்வதை முற்றாகத் தள்ளிவிடுகிறீர்கள்: அப்போதும் வேலை முடியவில்லை, மீதியுள்ள சாட்சியம் உங்களை உறுதிப்படுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நடு நிலையை மறப்பதால்தான் தவறான தீர்ப்புகள் வருகின்றன என்பது என் எண்ணம்.

‘குற்றவாளி அல்ல’ என்று சொன்னால் மூக்குடைந்தவரைப் பொய்யர் என்று சொன்னதாகிவிடாதா என்று சிலர் தயங்குவார்கள். ஆகாது. நீங்கள் சொல்வது, அரசுத் தரப்பு எங்களை உறுதிப்படுத்தவில்லை என்பதை மட்டுமே. தண்டனை எத்தனை ஆண்டு, அவருடைய பிள்ளைகள் கதி என்ன, விசா போய்விடுமா என்பவையும் உங்கள் பொறுப்பில் இல்லை. அவற்றை மேசைமேல் கொண்டுவருபவரிடம் வழித்தாளைக் காட்டுங்கள்.

சில வழக்குகளில் மட்டும் ஒரு பகுதிச் சுமை எதிரியிடம் போகும். பொது இடத்தில் கத்தி வைத்திருந்த வழக்கில், அதற்கு நல்ல காரணம் இருந்தது என்று அவரே காட்டவேண்டும். கொலை வழக்கில் மனநிலைக் குறைபாட்டால் பொறுப்பு குறைந்திருந்தது என்ற வாதமும் அப்படியே. அங்கும் அவர் உங்களை உறுதிப்படுத்த வேண்டியதில்லை. அப்படி இருந்திருப்பதே அதிக சாத்தியம் என்று காட்டினால் போதும். வழித்தாளில் கேள்வியின் சொற்கள் மாறியிருக்கும். அந்த வரியின் கீழ் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

சாட்சியத்தை எடைபோடுவது

வழக்குக்கேற்ப நீதிபதி சேர்த்துச் சொல்லும் எச்சரிக்கைகள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் தவறாகத் தண்டிக்கப்பட்ட யாரோ ஒருவர் இருக்கிறார்.

அடையாளம் காட்டுதல் அவற்றில் முக்கியம். லாஸ்லோ விராக் என்பவர், பார்க்கிங் மீட்டர் காசுப்பெட்டிகளைத் திருடி, துரத்திய போலீஸ்காரரைச் சுட்ட வழக்கில் 1969-இல் தண்டிக்கப்பட்டார். போலீஸ்காரர்கள் உட்படப் பல சாட்சிகள் இவர்தான் என்று கைகாட்டினார்கள். செய்தது வேறொருவர் என்று பின்னால் தெரிந்து, 1974-இல் மன்னிப்பளித்து விடுவித்தார்கள். அந்தச் சாட்சிகள் யாரும் பொய் சொல்லவில்லை. நேர்மையாக, உறுதியாக, தவறாகச் சொன்னார்கள். கண்ணால் காண்பதும் பொய் என்று நம்மூர் முதுமொழி எச்சரிப்பது இதைத்தான். இந்த அனுபவங்களுக்குப் பிறகு வந்த டர்ன்புல் வழக்குத் தீர்ப்பின்படி, எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி, இடையில் மறைப்பு இருந்ததா, முன்பே தெரிந்தவரா, முதலில் போலீஸிடம் சொன்ன அங்க அடையாளம் பொருந்துகிறதா என்று கேட்டுக்கொள்ள நீதிபதி உங்களுக்கு நினைவூட்டுவார். சாட்சியின் குரலில் இருக்கும் உறுதி, உங்கள் உறுதிக்கு ஈடாகாது.

அடுத்தது, எதிரி சொன்ன பொய். போலீஸிடம் ஒன்றும் நீதிமன்றத்தில் ஒன்றும் சொல்லி மாட்டிக்கொள்கிறார் என்று வையுங்கள். பொய் சொன்னவன் குற்றவாளிதான் என்று தாவத் தோன்றும். மனிதர்கள் வெட்கத்தால், பயத்தால், குடும்பத்தில் யாரையோ காப்பாற்ற, வீட்டுக்குத் தெரியாத உறவை மறைக்கப் பொய் சொல்கிறார்கள். குற்றத்தை மறைக்கத்தான் அந்தப் பொய் என்பதில் உறுதியானால்தான் அதை அரசுத் தரப்பின் பக்கம் வைக்கலாம். அப்போதும் அது ஒன்றே போதாது.

மௌனமும் அப்படித்தான். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதில் எதிர்பார்க்கக்கூடிய இடத்தில் எதிரி வாய் திறக்காவிட்டால் ஜூரி அதிலிருந்து ஓர் ஊகம் செய்யலாம். எப்போது செய்யலாம் என்பதை நீதிபதி எழுதித் தருவார். மௌனத்தை மட்டுமே வைத்து யாரையும் தண்டிக்கக்கூடாது என்பதை அதே சட்டம் சொல்கிறது.

நமக்கென்றே ஒரு சிக்கல் வரலாம். சாட்சி தமிழில் பேச, மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்லும்போது, ‘அவர் சொன்னது அதுவல்லவே’ என்று உங்கள் காதுக்குப் படும். அறைக்குள் போய் மற்ற பதினொருவருக்கு நீங்களே மொழிபெயர்த்துக் காட்டாதீர்கள். அப்படிச் செய்தால் யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாத சாட்சியாக நீங்கள் மாறிவிடுகிறீர்கள். அப்போதே ஒரு சீட்டில் எழுதி நீதிபதிக்கு அனுப்புங்கள். திறந்த நீதிமன்றத்தில் அதைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

அறைக்குள்

உங்களில் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பீர்கள். அவருக்கும் ஒரு குரல்தான். உள்ளே போனவுடன் கையைத் தூக்கி வாக்கெடுக்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. கை தூக்கியவர் அந்த நிலையைக் காக்கவே பிறகு வாதாடுவார். வழித்தாளின் முதல் கேள்வியை உரக்கப் படித்து, அதற்கு எந்தச் சாட்சியம் பொருந்தும் என்று ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள். பெரியவர் பேசும்போது குறுக்கிடக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அந்த அறையில் வயதும் படிப்பும் பதவியும் செல்லாது. பேசாமல் இருந்துவிட்டால், இன்னொருவர் உங்கள் வாக்கையும் சேர்த்துப் போடுகிறார் என்று பொருள்.

முதலில் பன்னிரண்டு பேரும் ஒத்த தீர்ப்பையே நீதிபதி கேட்பார். சட்டப்படி குறைந்தது இரண்டு மணி நேரம், சிக்கலான வழக்கில் பல நாள், ஆலோசித்த பிறகே பெரும்பான்மைத் தீர்ப்புக்கு அவர் அனுமதி தரலாம். அப்போது 11-க்கு 1, அல்லது 10-க்கு 2. அதற்குக் கீழே போனால் தீர்ப்பு இல்லை. நீதிபதிக்குச் சீட்டு அனுப்பும்போது யார் எந்தப் பக்கம், எத்தனைக்கு எத்தனை என்று எழுதவே கூடாது. மற்றவர் வாதத்தால் மனம் மாறினால் தாராளமாக மாறுங்கள். ரயிலுக்கு நேரமாகிறது, எல்லோரும் முறைக்கிறார்கள் என்பதற்காக மாறாதீர்கள்.

அறைக்குள் பேசியதை வெளியே சொல்வது குற்றம். தீர்ப்புக்குப் பிறகும், வாழ்நாள் முழுவதும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பாகிஸ்தானிலிருந்து வந்து பல ஆண்டு இங்கே வாழ்ந்த ஒருவர், தன் வழக்கில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டார். ஜூரர் சிலருக்கு அது தந்திரமாகப்பட்டது. அதை அப்படி எடுத்துக்கொள்ளக்கூடாது என்று நீதிபதி அறிவுறுத்தியிருந்தார். 10-க்கு 2 என்று தண்டனையான பிறகு, ஒரு ஜூரர் எதிரியின் வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதினார்: அறைக்குள் பலர் அந்த அறிவுறுத்தலைப் பொருட்படுத்தவில்லை, மொழிபெயர்ப்பாளரை வைத்தே அவரைச் சந்தேகித்தார்கள் என்று. மிர்ஸா வழக்கு எனப்படும் இது 2004-இல் பிரபுக்கள் சபைக்குப் போனது. தீர்ப்புக்குப் பிறகு ஜூரி அறைப் பேச்சைத் திறந்து பார்க்க முடியாது என்றது சபை. தண்டனை நின்றது.

ஆகவே நிறத்தையோ மதத்தையோ உச்சரிப்பையோ வைத்து ஒருவர் பேசினால், இணையத்தில் பார்த்ததைச் சொன்னால், நிரூபிக்கும் பொறுப்பை எதிரியின் தலையில் கட்டினால், தீர்ப்புக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முதலில் அறையிலேயே அறிவுறுத்தல் தாளைச் சுட்டிக்காட்டிச் சொல்லுங்கள். தொடர்ந்தால் சீட்டு எழுதுங்கள். என்ன சொல்லப்பட்டது, எப்போது என்பதை இரண்டு வரியில் எழுதி மடித்து, நீதிபதிக்கு என்று மேலே குறித்து, வாசலில் இருக்கும் ஊழியரிடம் கொடுக்கலாம். தலைவர் வழியாகத்தான் போகவேண்டும் என்றில்லை. நீதிபதி இரு தரப்பு வழக்கறிஞர்களிடமும் கலந்து, எச்சரிப்பதா, அந்த ஜூரரை நீக்குவதா என்று முடிவெடுப்பார். ஜூரி முழுவதையும் கலைத்து வழக்கைப் புதிதாக நடத்தச் சொல்லவும் அவருக்கு அதிகாரம் உண்டு.